கொசுவின் மூக்கும் வேம்பின் ஆயுதமும்

கொசுவுக்கு மூக்கு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்!

வாய்க்கு மேலே இரண்டு துளை இருக்கும் என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். செத்துக் கிடக்கும் கொசு ஒன்றை வெள்ளைத் தாளில் எடுத்து வையுங்கள். பூதக்கண்ணாடியால் அதன் தலையைப் பாருங்கள். நடுவில் நீளமாக நீட்டிக்கொண்டிருப்பது உறிஞ்சுகுழல். அதன் இரு பக்கமும் முடி முளைத்த இரண்டு கொம்புகள் தெரிகின்றனவா? அவைதான் உணர்கொம்புகள். வியர்வை வாசனை, பூவின் வாசனை எல்லாவற்றையும் கொசு அவற்றால்தான் முகர்கிறது. உறிஞ்சுகுழலின் அடியில், அதை ஒட்டி, இன்னும் இரண்டு சின்னக் கொம்புகள் இருக்கும். நாம் வெளியே விடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறதல்லவா? அதை மோப்பம் பிடிப்பது இந்தச் சின்னக் கொம்புகளின் வேலை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். உணர்கொம்பில் முடி அடர்ந்து, புசுபுசுவென்று இருந்தால் அது ஆண் கொசு. ஆண் கொசு யாரையும் கடிப்பதில்லை. பூந்தேனும் செடிச்சாறும் போதும் அதற்கு. கொம்பில் முடி குறைவாக இருந்தால் பெண் கொசு. பெண்ணுக்கும் பசியாற்றுவது தேன்தான். ஆனால் முட்டை வளரப் புரதம் வேண்டும். அந்தப் புரதத்துக்காகத்தான் நம்மைத் தேடி வருகிறது.

எப்படித் தேடுகிறது? பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே நம் மூச்சின் கரியமில வாயு அதற்கு எட்டிவிடுகிறது. அந்த வாடை வரும் திசையில் பறந்து வருகிறது. கொஞ்சம் நெருங்கியதும் உருவம் தெரிகிறது. அடர்ந்த நிறச் சட்டை என்றால் இன்னும் எளிதாகத் தெரியும். பக்கத்தில் வந்ததும் தோலின் சூடும், வியர்வையில் உள்ள லாக்டிக் அமிலத்தின் வாடையும் சேர்ந்து "இங்கேதான் உட்கார வேண்டும்" என்று காட்டிவிடுகின்றன. விளக்கை அணைத்த பிறகும் காதோரம் 'ஙொய்' என்று வந்து நிற்பது இதனால்தான்.

அப்படியானால், கொசுவிடமிருந்து தப்ப ஒரு வழி அதன் மூக்கைக் குழப்புவது. கொசு விரட்டி செய்வது அதைத்தான். விரட்டி கொசுவைக் கொல்லாது. உட்கார விடாது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்யும் இயற்கை விரட்டியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது இதில்தான் இருக்கிறது.

ஓட முடியாதவர்களின் ஆயுதம்

பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயம் போடாத ஊர் குறைவு. செட்டிகுளம் பக்கம் போனால் வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறைகளை வரப்போரம் பார்க்கலாம். வெங்காயத் தாளில் இலைப்பேன் விழுந்தால், விவசாயிகள் பலர் முதலில் கையில் எடுப்பது வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு என்ற கணக்கில் இடித்து, துணியில் முடிந்து, இரவு முழுக்க ஊற வைத்து, காலையில் பிழிந்து வடிகட்டித் தெளிப்பார்கள். ஐந்து சதவீதக் கரைசல் என்று வேளாண் அலுவலர்கள் சொல்வது இதைத்தான்.

வேப்பங்கொட்டைக்குள் இந்த மருந்து எப்படி வந்தது? நமக்காக வரவில்லை. நாய் கடிக்க வந்தால் நாம் ஓடலாம்; ஆடு கடிக்க வந்தால் மரம் ஓட முடியாது. புழு இலையைத் தின்ன வந்தால் தட்டிவிட மரத்துக்குக் கையும் இல்லை. அதனால் தன் உடம்பிலேயே கசப்பையும் கடும் வாடையையும் உண்டாக்கிக்கொள்கிறது. வேம்பில் அப்படி உண்டான பொருள்களில் பெயர்பெற்றது அசாடிராக்டின். பூச்சியின் புழு வளர வேண்டுமானால் அவ்வப்போது தோலுரிக்க வேண்டும். அசாடிராக்டின் உள்ளே போனால் தோலுரிப்பதற்கான ஹார்மோன் ஒழுங்காகச் சுரக்காது. புழு பழைய தோலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு சாகும்.

செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் நடக்கும் இந்தப் போர் நேற்று தொடங்கியதல்ல. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டு உலகுக்குத் தெரிவித்த மரம் அது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. அப்போது இந்தப் பகுதியை ஒட்டிக் கடல் இருந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் அம்மோனைட் போன்ற கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களை வாரணவாசி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கொசு அப்போது இருந்ததா? இருந்தது. லெபனான் நாட்டில் கிடைத்த, சாத்தனூர் மரத்தைவிடவும் பழைய மரப்பிசின் கட்டிக்குள் கொசு சிக்கியிருந்ததை 2023இல் அறிவியலாளர்கள் வெளியிட்டார்கள். அவை ஆண் கொசுக்கள். அவற்றுக்கும் கடிக்கும் வாயுறுப்பு இருந்தது என்பதுதான் வியப்பு. ஆண் கொசு சாதுவானது பிற்பாடு நடந்த கதை போலிருக்கிறது.

கசக்கினால்தான் வாசனை

வேலியோரத்தில் நொச்சி இருந்தால் அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஐந்து விரல் விரித்த மாதிரி இலை இருக்கும். முகர்ந்து பாருங்கள், பெரிதாக ஒன்றும் வராது. இப்போது ஓர் இலையைப் பறித்து விரல்களுக்கு நடுவே நன்றாகக் கசக்குங்கள். காட்டமான வாடை மூக்கில் ஏறும். சளி பிடித்தால் பாட்டி ஆவி பிடிக்கச் சொல்வது இந்த இலையைப் போட்டுத்தான். ஆடு மாடு கடிக்காது என்பதால்தான் வேலிக்கு நொச்சியை நடுகிறார்கள். தானியம் கொட்டி வைக்கும்போது காய்ந்த நொச்சி இலையை இடையிடையே போடும் வழக்கமும் உண்டு, வண்டு வராமல் இருப்பதற்காக. பழந்தமிழர் கோட்டையைக் காக்கும் வீரருக்குச் சூட்டிய பூவும் நொச்சிதான். செடிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கொடுத்திருக்க முடியாது!

கசக்கும் முன் வாடை ஏன் வரவில்லை? இலையில் சின்னச் சின்ன அறைகளில் எண்ணெய் அடைபட்டுக் கிடக்கிறது. செடியாக நிற்கும்போது அது மூடி திறக்காத அத்தர் பாட்டில். மூடி திறந்தால்தானே மணம் வரும்? ஆகவே, "வாசலில் துளசி வைத்தால் கொசு வராது, நொச்சி நட்டால் கொசு ஒழியும்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். நொச்சி நடுவது நல்லதுதான், நிழலுக்கும் மருந்துக்கும் வேலிக்கும் ஆகும். ஆனால் தொட்டியில் நிற்கும் ஒரு செடி வீட்டுக் கொசுவை விரட்டிவிடாது. இலையிலிருந்து எண்ணெய் வெளியே வந்து, காற்றில் கலந்து, உங்கள் தோலுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அப்போதுதான் கொசுவின் மூக்குக்கு அது எட்டும்.

அதற்கு ஒரு வழி, எண்ணெயைத் தோலிலேயே தடவிக்கொள்வது. இதில் நம் நாட்டில் செய்த ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. டெல்லியில் இருந்த மலேரியா ஆராய்ச்சி மையத்தில் வி.பி. சர்மாவும் உடன் பணியாற்றியவர்களும் தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்ப எண்ணெய் கலந்து, தன்னார்வலர்களின் கை கால்களில் தடவிப் பார்த்தார்கள். மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் இனக் கொசுக்கள் 12 மணி நேரம் வரை கடிக்கவில்லை என்று 1993இல் எழுதினார்கள். விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லாமல், எளிதாகக் கிடைக்கும் இரண்டு எண்ணெயில் வந்த முடிவு இது.

நீங்களும் அதே அளவில் செய்யலாம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் 100 மில்லி தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதத்தில் எண்ணெய் உறைந்து கிடந்தால் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் உருகிவிடும். அடுப்பில் வைக்க வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றால் 2 மில்லி வேப்ப எண்ணெயை அளந்து அதில் விடுங்கள். மூடிக் குலுக்குங்கள். மண்ணும் பூண்டும் கலந்த மாதிரி ஒரு வாடை வரும். அவ்வளவுதான், விரட்டி தயார். "கூடுதலாக ஊற்றினால் இன்னும் நன்றாக விரட்டுமே" என்று தோன்றும். ஊற்றாதீர்கள். வேப்ப எண்ணெய் மிகுந்தால் தோலில் எரிச்சலும் தடிப்பும் வரலாம். சோதித்த அளவு இரண்டு சதவீதம். நமக்கும் அதுவே போதும்.

வேப்ப எண்ணெயை நாட்டு மருந்துக் கடையிலோ செக்கிலோ வாங்குங்கள். உரக்கடையில் வயலுக்குத் தெளிக்க விற்கும் வேப்ப மருந்தில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். அதைத் தோலில் தடவக் கூடாது. முதலில் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் கை கால்களில் மெல்லியதாகத் தடவலாம். கண், வாய் பக்கம் வேண்டாம். கண்ணைக் கசக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அதனால் உள்ளங்கையிலும் வேண்டாம். தம்பி தங்கை கைக்குழந்தையாக இருந்தால் அவர்களுக்குத் தடவவே வேண்டாம். கொசுவலைதான் அவர்களுக்குச் சரி. பாட்டிலில் "மேல்பூச்சுக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வேப்ப எண்ணெய் வயிற்றுக்குள் போய், வலிப்பு வந்து, உயிருக்கே ஆபத்தான குழந்தைகள் உண்டு. செடியிலிருந்து வந்தது என்பதற்காக எதுவும் தீங்கில்லாதது ஆகிவிடாது. பூச்சிக்கு எதிராக மரம் செய்துகொண்ட ஆயுதம் அது என்பதை மறக்கக் கூடாது.

தேங்காய் எண்ணெய் எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரு சோதனை செய்தால் தெரிந்துவிடும். எலுமிச்சைப்புல் தைலம் கொஞ்சம் வாங்குங்கள். ஒரு தாளில் ஒரு சொட்டுத் தைலத்தை மட்டும் விடுங்கள். இன்னொரு தாளில் அதே ஒரு சொட்டைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து விடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை இரண்டையும் முகர்ந்து, வாடை எவ்வளவு இருக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு எழுதுங்கள். எந்தத் தாள் எது என்று உங்களுக்குத் தெரிந்தால் மனது ஏமாற்றும். அதனால் நண்பரை முகரச் சொல்லுங்கள், அவரிடம் எது எது என்று சொல்லாதீர்கள். மணம் என்பது காற்றில் பறந்து போகும் மூலக்கூறுகள். பறந்து போனால்தான் கொசுவின் மூக்குக்குப் போய்ச் சேரும். பறந்து தீர்ந்துவிட்டாலோ பாதுகாப்பும் தீர்ந்தது. தேங்காய் எண்ணெய் அந்த ஆவியாதலைத் தாமதப்படுத்துகிறது.

இந்தத் தீர்ந்துபோகும் விஷயத்தை அமெரிக்காவின் புளோரிடாவில் அளந்தே பார்த்தார்கள். மார்க் பிராடின், ஜோனதன் டே என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. கடையில் விற்கும் விரட்டிகளைக் கையில் தடவிக்கொண்டு, கொசுக்கள் உள்ள கூண்டுக்குள் கையை விட்டு, முதல் கடி எப்போது விழுகிறது என்று கணக்கெடுத்தார்கள். டீட் என்ற செயற்கை மருந்து சுமார் 24 சதவீதம் கலந்த விரட்டி ஐந்து மணி நேரம் தாங்கியது. சோயா எண்ணெய் கலந்தது ஒன்றரை மணி நேரம். எலுமிச்சைப்புல்லின் உறவான சிட்ரோனெல்லாப் புல் தைலம் கலந்தவற்றில் பெரும்பாலானவை இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. கையில் கட்டிக்கொள்ளும் விரட்டிப் பட்டைகள் எவ்வளவு நேரம் தாங்கின தெரியுமா? அரை நிமிடத்துக்கும் குறைவு! இன்றைக்கும் கடைகளில் சிறுவர்களுக்கென்றே பொம்மை போட்ட பட்டைகள் விற்கிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம்.

டெல்லியில் 12 மணி நேரம், புளோரிடாவில் 20 நிமிடமா என்று குழம்ப வேண்டாம். இரண்டும் வேறு வேறு எண்ணெய்கள், வேறு வேறு கொசு இனங்கள், சோதித்த முறையும் வேறு. டெல்லிக் கணக்கு இரவில் கடிக்கும் அனாபிலஸ் கொசுவுக்கு உரியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் அதே 12 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டால் தப்பு. எந்த முடிவைப் படித்தாலும் "எந்தக் கொசு? எத்தனை பேர்? எப்படி அளந்தார்கள்?" என்று கேட்கப் பழகுங்கள்.

புகை நல்லதா?

சாயங்காலம் ஆனதும் மாட்டுக்கொட்டகையில் மூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த வேப்பிலை, நொச்சித் தழை, கொஞ்சம் ஈரக் குப்பை. மெதுவாகக் கனன்று வெண்புகை எழும். திறந்த கொட்டகையில், காற்று போய்வரும் இடத்தில், மாடு நிம்மதியாக அசைபோடும். அதே மூட்டத்தைக் கதவைச் சாத்திய அறைக்குள் போடுவது முற்றிலும் வேறு விஷயம். எந்த இலையின் புகையானாலும் அதில் மிக நுண்ணிய கரித்துகள்கள் இருக்கும். அவை நுரையீரலின் அடி ஆழம் வரை போகும்.

கொசுவர்த்திச் சுருளின் கதையும் இதுதான். அதுவும் ஆரம்பத்தில் இயற்கைப் பொருள்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஜப்பானில் உயேயாமா எய்இச்சிரோ என்பவர் செவ்வந்தியின் உறவான பைரீத்ரம் பூவைப் பொடியாக்கி, மாவில் பிசைந்து குச்சியாக உருட்டினார். குச்சி ஒரு மணி நேரம்கூட எரியவில்லை. நீளமாகச் செய்தால் உடைந்தது. சுருட்டி வைத்தால் என்ன என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி யூகி. 1902இல் சுருள் கடைக்கு வந்தது. ஒரு சுருள் இரவில் ஏழு மணி நேரம் எரிந்தது. இன்றைய சுருள்களில் பூவின் பொடிக்குப் பதில் அதைப் பார்த்துச் செய்த செயற்கை மருந்துகளே பெரும்பாலும் இருக்கின்றன. 2003இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று கண்டது. மூடிய அறையில் அதைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கினால் இரவு முழுக்க அந்தத் துகளைத்தான் சுவாசிப்போம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொரு யோசனை இருக்கிறது. தீர்ந்துபோன கொசு மருந்து பாட்டிலில் வேப்ப எண்ணெயும் கற்பூரமும் கலந்து ஊற்றி மின்சாரத்தில் மாட்டலாம் என்பார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். கற்பூரம் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். சூடாகும் மின்கருவிக்கு உள்ளே அதற்கு வேலை இல்லை. சின்னக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பும் வரும்.

வயலில் வேம்பு

வேம்பின் முழு பலம் தோலில் தடவுவதில் இல்லை என்பது என் எண்ணம். தண்ணீரில் இருக்கிறது.

கொள்ளிடக் கரையோரம் திருமானூர், தா.பழூர் பக்கம் நெல் வயல்கள் பரந்து கிடக்கின்றன. தேங்கிய வயல் தண்ணீரில் கியூலெக்ஸ் இனக் கொசு ஒன்று பெருகும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்ற கொடிய நோயைப் பரப்புவது அதுதான். கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் இருக்கும் வைரசை அது மனிதரிடம், அதிலும் குழந்தைகளிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்தியாவில் இந்த நோய் முதலில் தெரியவந்தது 1955இல், நம் வேலூரில். பிற்பாடு கடலூர், விழுப்புரம் போன்ற மாவட்டங்களோடு, அரியலூரும் சேர்ந்திருந்த பழைய பெரம்பலூர் மாவட்டமும் இந்த நோய் தென்பட்ட மாவட்டங்களின் வரிசையில் வந்தது. இந்தக் கொசு மனிதரைவிட மாட்டையே அதிகம் கடிக்கும். ஆனால் மாட்டின் உடம்பில் இந்த வைரஸ் பெருகாது. இந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. நோய் உள்ள மாவட்டங்களில் குழந்தைக்கு ஒன்பது மாதத்தில் ஒன்றும், ஒன்றரை வயதை ஒட்டி இன்னொன்றும் போடுகிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தில் ரேச்சல் ரூபன் என்ற அறிவியலாளரும் அவர் குழுவினரும் ஒரு வேலை செய்தார்கள். நெல்லுக்குப் போடும் யூரியாவின் மேல் வேம்புப் பொருளைப் பூசி வயலில் இட்டார்கள். கூடவே, தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டார்கள். வயலில் கொசுப்புழு வெகுவாகக் குறைந்தது. பயிருக்கு உரம், கொசுவுக்கு மருந்து, தண்ணீரும் மிச்சம். எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். விவசாயி ஏற்கெனவே செய்கிற வேலைக்குள்ளேயே கொசு ஒழிப்பைக் கொண்டுபோய் வைத்தார்கள், தனியாக ஒரு சுமையை ஏற்றவில்லை. இன்று இந்தியாவில் விற்கும் யூரியா பெரும்பாலும் வேப்ப எண்ணெய் பூசியதுதான். 2015இல் அரசு அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அது தழைச்சத்து மெதுவாகக் கரைவதற்கும், யூரியா வேறு தொழிலுக்குக் கடத்தப்படாமல் இருப்பதற்கும். பூசும் எண்ணெயும் மிகக் குறைவு. அதனால் அது கொசுவை ஒழித்துவிடும் என்று சொல்ல முடியாது.

வேம்பு புழுவை என்ன செய்கிறது என்று நீங்களே பார்க்கலாம். இரண்டு கண்ணாடிக் குடுவை எடுங்கள். தொட்டியில் நெளியும் கொசுப்புழுக்களோடு தண்ணீரை எடுத்து இரண்டிலும் சம எண்ணிக்கையில் விடுங்கள். ஒன்றில் மட்டும் மேலே சொன்ன வேப்பங்கொட்டைக் கரைசலில் சில தேக்கரண்டி ஊற்றுங்கள். இன்னொன்றில் அதே அளவு வெறும் தண்ணீர். இரண்டின் வாயையும் கொசுவலைத் துணியால் மூடி ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். இதை மறந்தால் நீங்களே கொசு வளர்த்து விட்டவர் ஆவீர்கள்! வெயில் படாத இடத்தில் வையுங்கள். அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். புழு தலைகீழாகத் தொங்கி வால்குழாயால் மூச்சு விடுவது, உரித்துப் போட்ட தோல் மிதப்பது, கால்புள்ளி வடிவத்தில் கூட்டுப்புழு குதிப்பது எல்லாம் வெறும் தண்ணீர்க் குடுவையில் தெரியும். வேம்பு விட்ட குடுவையில் எத்தனை புழு கூட்டுப்புழுவாகிறது என்று எண்ணுங்கள். முடிந்ததும் இரண்டையும் காய்ந்த மண்ணில், நல்ல வெயிலில் கொட்டிவிடுங்கள். தண்ணீர் வற்றினால் புழு பிழைக்காது.

அந்தக் குடுவை இன்னொரு கணக்கையும் காட்டும். முட்டையிலிருந்து பறக்கும் கொசு வரை நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள். அதனால்தான் சுகாதாரத் துறையினர் வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

எந்தத் தண்ணீரை? அரியலூர்க்காரர்கள் மழை பெய்து நிரம்பிய சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளைக் காட்டி, டெங்கு அங்கிருந்துதான் வருகிறது என்பதுண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அவ்வளவு பெரிய ஆழமான தண்ணீரைத் தேடிப் போவதில்லை. அதற்குப் பிடித்தது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மூடாத சின்டெக்ஸ், கொல்லையில் கிடக்கும் டயர், கொட்டாங்கச்சி, பயன்படுத்தாத ஆட்டுக்கல்லின் குழி, பூந்தொட்டியின் அடித்தட்டு. காலில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் கொசு பகலில்தான் கடிக்கும், காலையிலும் சாயங்காலத்துக்கு முன்பும் அதிகமாக. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் பறக்காது. ஆக, உங்களைக் கடித்த ஏடிஸ் உங்கள் வீட்டிலோ உங்கள் தெருவிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

அதன் முட்டையும் லேசுப்பட்டதல்ல. தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதங்கள் காய்ந்தபடியே உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பெரியவர்கள் இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு நோட்டுப் போடுங்கள். தெருவில் எந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தில் புழு இருந்தது என்று வாராவாரம் குறித்து, ஊருக்கு வரும் கொசு ஒழிப்புப் பணியாளரிடம் காட்டுங்கள். அவருக்கு அது பெரிய உதவி. வேப்ப எண்ணெயைச் சாயங்காலம் தடவிக்கொள்ளுங்கள், இரவில் வலைக்குள் தூங்குங்கள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.